அமத்து, பிடி, விடு

இப்போதைய கார்கள் தங்களுக்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று தாங்களே எழுதிக் காட்டுகின்றன. போன மாதம் என் மருமகனின் காரில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. அவர் அதைப் போனில் படம் பிடித்து கராஜுக்கு அனுப்பினார். பின்னேரம் பிரேக் மாற்றிய கார் வீடு வந்து சேர்ந்தது. ஒருவர் கையும் கறுக்கவில்லை, ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. என் வயதுக்காரர்களே, இது எவ்வளவு ருசியற்ற வேலை என்று உங்களுக்குத்தான் விளங்கும்.

எங்கள் காலத்துக் காருக்கு வருத்தம் வந்தால் அது ஊருக்கே சொல்லும். எனக்கு ஒன்பதோ பத்தோ வயதாக இருந்தபோது, நாங்கள் குடியிருந்த துறைமுக ஊரின் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் எங்கள் கார் போட்ட சத்தம் இன்றைக்கும் என் பல்லில் இருக்கிறது. தகரத் தட்டில் கரண்டியை அழுத்தி இழுத்தால் வருமே, அந்தச் சத்தம், ஆனால் இறக்கம் முழுவதும். கார் வளைவில் திரும்பும்போதே குசினி அடுப்படியில் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வேலியோரம் செம்பரத்தை தின்ன வரும் மான்கள் வாயிலிருந்த பூவோடு ஓடும்.

எங்கள் கார் என்றேன். அது இரண்டு வீட்டுக்குப் பொதுவானது. இரண்டு வீடு, ஒரு வளவு, நடுவில் கிணறு. மேட்டு வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களின் ஒரே மகளான அக்கா. பள்ளத்து வீட்டில் அப்பா, அம்மா, நான். பெரியப்பா கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். அப்பா கணக்கு வாத்தியார். துறைமுகத்தில் வேலை முடித்துத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து அந்தக் கறுப்புக் காரை வாங்கினார்கள். ஒரு நாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு. திரும்பும் பக்கத்தைக் காட்ட அதன் கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் கை நீளும், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், உள்ளே செம்மஞ்சள் பல்ப் எரியும். இடப் பக்கத்துக் கை நீண்டால் திரும்ப மடங்காது. பின்னால் இருக்கிற பிள்ளை எட்டித் தட்டிவிட வேண்டும். அந்த உத்தியோகம் என்னுடையது. அதற்காகவே நான் எந்தப் பயணத்தையும் தவறவிட்டதில்லை.

அந்த வருடம்தான் அக்கா கம்பசுக்கு எடுபட்டாள். எங்கள் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ அதுவரை ஒருவரும் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனதில்லை. அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. செய்தி வந்தபோது பெரியப்பா கந்தோரில் இருந்தார். அப்பாவுக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய்க் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பின்னேரம் பெரியப்பா கந்தோர் விட்டு வரும் வழியில் சவரத்துக்குச் சலூனில் இறங்கியிருக்கிறார். பாதி முகம் நுரையோடு இருக்கும்போது சலூன்காரர் கேட்டாராம், "மகள் கண்டிப் பக்கம் படிக்கப் போறாவாமே, ஐயா?"

பெரியப்பா மிச்சப் பாதியை வழிக்க விடாமல் எழும்பி நேரே கிணற்றடிக்கு வந்தார். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது. மறு கன்னத்தில் நரைத்த முள்ளும் காய்ந்த சவர்க்காரமும்.

"என்ர வீட்டுச் சங்கதியைச் சலூன்காரன் எனக்குச் சொல்லுறதோ?"

"முதல்ல உங்களிட்டச் சொன்னால் நீங்கள் மறிப்பியள் எண்டு நினைச்சன், அண்ணை," என்றார் அப்பா.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பெரியப்பா வாளியை எடுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இருவரும் கதைக்கவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் வழமைபோலக் கிணற்றடியில் கதைத்தார்கள், வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. "உங்கட ஆள் வாய் திறந்தவரோ?" என்று அம்மா கேட்பார். "சொதிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லத் திறந்தவர்," என்பார் பெரியம்மா. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கார் சத்தம் போடத் தொடங்கியது அதற்குப் பின்தான். முதலில் இறக்கத்தில் மட்டும் மெல்லியதாக, பிறகு பிரேக்கை மிதிக்கும் இடமெல்லாம். இருவரும் கதைக்காததால் வருத்தம் பார்க்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

"பிரேக்கில காலை வைச்சுக்கொண்டே ஓடுற ஆள் ஆரெண்டு உன்ர பெரியப்பாவிட்டக் கேள்," என்பார் அப்பா.

நான் கிணற்றைச் சுற்றி ஓடிப் போய், "பெரியப்பா, கார் சத்தம் போடுதாம்," என்பேன்.

"கியரும் தெரியாது பிரேக்கும் தெரியாது, இவருக்கு ஒரு கார் எண்டு கொப்பரிட்டச் சொல்லு."

திரும்பி ஓடி வந்து, "ஓமாம், அப்பா," என்பேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் முன்வீட்டு அப்போதிக்கரி மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது கியர்ப் பெட்டி என்று தீர்ப்புச் சொன்னார். சில்லுக்குள், சக்கரம் சுழல உதவும் இரும்புக் குண்டு உடைந்துவிட்டது என்றார் அப்பா. பெரியப்பா என்ன நினைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் தன்னுடைய நாட்களில் காரை இறக்கத்தில் மெதுவாக விட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டு போவதை மட்டும் கண்டேன்.

ஒரு ஞாயிறு காலை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சந்தைக்குப் புறப்பட்டோம். இறக்கத்தின் அடியில், வளைவு தாண்டியதும், நடுத் தெருவில் ஒரு கொம்பு மான் நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் கிறீச்சிட்டது, நிற்கவில்லை. வலப் பக்கமாகத் தெருவைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், ஒருவழியாக மானின் முகத்துக்கு முன்னால் நின்றது. மான் அசையவேயில்லை. அதன் மூக்கின் ஈரம் எனக்குத் தெரிந்தது. அது எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் தெருவைக் கடந்து போனது.

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். "நான் நடந்து வாறன்," என்றார்.

கதை மேட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மத்தியானம் பெரியப்பா விறாந்தையில் நின்று, எங்களுக்கும் கேட்கும்படியாகப் பெரியம்மாவிடம் சொன்னார், "பிரேக் பிடிக்காத காரில என்ர பிள்ளையைக் கண்டி மலைக்கு ஏத்த ஏலாது. பஸ்ஸில தனிய விடவும் ஏலாது."

"சாட்டுக் கிடைச்சிட்டுது," என்று அம்மா முணுமுணுத்தார். மகளை மறிக்கப் பெரியப்பாவுக்கு ஒரு சாக்கு என்றுதான் அப்பாவும் நினைத்தார். நானும் நினைத்தேன். கம்பஸ் திறக்கிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. அக்கா வாங்கி வைத்திருந்த தகரப் பெட்டியை மூடி, அவளே தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"சித்தப்பா, கார் வலப் பக்கம் இழுத்ததெண்டால் இடப் பக்கச் சில்லு பிடிக்கேல்லை எண்டுதானே அர்த்தம்? அதைக் கழட்டிப் பாத்தால் என்ன?"

அப்பா நிமிர்ந்தார். "பாப்பம். நான் திருத்திக் காட்டுறன். அதுக்குப் பிறகு உன்ர அப்பா என்ன சாட்டுச் சொல்லுறார் எண்டும் பாப்பம்."

எங்கள் காரை வழமையாகப் பார்க்கிற கராஜ்காரர் மகளின் கலியாணத்துக்காகக் கடையைப் பூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போயிருந்தார். ஆகவே சனிக்கிழமை காலை, வேப்பமரத்தின் கீழ், எங்கள் வளவிலேயே வேலை தொடங்கியது. பெரியப்பா விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்.

அப்பா கணக்கில் புலி. ஆனால் காரைத் தூக்கும் ஜக்கை வைத்து அவர் சுழற்றத் தொடங்கியதும் கார் ஒரு தரம் முனகி, பின்னுக்கு உருளப் பார்த்தது. பெரியப்பாவின் கோப்பை கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கிணற்றடிக் கல் இரண்டை உருட்டிப் பின் சில்லுகளுக்கு அண்டை கொடுத்தார். ஜக்கை இறக்கினார். இடப் பக்க முன் சில்லு நிலத்தில் இருக்கும்போதே அதன் நட்டுகளை இளக்கி, அதற்குப் பிறகு திரும்ப உயர்த்தினார்.

"கொப்பரைத் தள்ளி நிக்கச் சொல்லு," என்றார் என்னிடம். அப்பா ஏற்கனவே தள்ளித்தான் நின்றார்.

அக்கா உள்ளே ஏறி பிரேக்கை மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்க, பெரியப்பா சில்லைக் கையால் சுற்றினார். கிறீச். அக்கா இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். சில்லைக் கழற்றியதும் உள்ளே வட்டமான இரும்பு ட்ரம் தெரிந்தது. கடற்காற்றில் துருப் பிடித்து இறுகிப்போய் அது வர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, பலகைத் துண்டு வைத்துச் சுற்றிவரத் தட்டினார். அந்த மண்ணெண்ணெயும் சூடேறிய வேப்பம்பூவும் கலந்த மணம் இப்போது வேறெங்கும் கிடைப்பதில்லை. ட்ரம் திடீரென்று கழன்று அவர் மடியில் விழுந்தது. கரித்தூள் கொட்டியது. அது மூடியிருந்த இடத்தில் பிறை வடிவில் இரண்டு இரும்புத் தகடுகள் இருந்தன. ட்ரம்மை உரசி நிறுத்துவதற்கு அவற்றின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய தடித்த லைனிங்கில், கீழ்த் தகட்டில் ஒரு கடதாசிக் கனம்கூட மிஞ்சவில்லை. செம்பு ஆணிகள் பளபளத்தன.

"பார்," என்றார் பெரியப்பா, அப்பாவிடம் சொல்ல வேண்டியதை என்னிடம். "சப்பாத்துத் தேய்ஞ்சு ஆணி தெருவில உரசுற மாதிரி. இரும்பும் இரும்பும். வேற என்னெண்டு சத்தம் வராமல் இருக்கும்?"

அப்பாவின் முகம் வாடிவிட்டது. அவர் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார், "இது இந்த ஊரில இல்லை. கொழும்பில இருந்துதான் எடுக்க வேணும். எழுதிப் போட்டு வந்து சேரக் கம்பஸ் திறந்துபோடும்."

பெரியப்பா எழும்பி, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குள் போனார். கோபத்தில் போகிறார் என்று நினைத்தேன். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. திரும்பி வந்தபோது கையில் கொழும்புப் பத்திரிகையில் சுற்றி சணல் கட்டிய ஒரு கனமான பார்சல் இருந்தது. அவருக்குப் பின்னாலேயே பெரியம்மா ஓடி வந்தார்.

"ஐயோ, அதை ஏன் இங்க அவிழ்க்கிறியள்? பிள்ளையின்ர கலியாணச் சாமானெல்லோ!"

"கலியாணச் சாமானோ?"

"சீலைக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள். நான் வேற என்னத்தை நினைக்கிறது? வெள்ளித் தட்டாக்கும் எண்டு நான் தொடக்கூட இல்லை."

பெரியப்பா சணலை அறுத்தார். உள்ளே புத்தம் புது லைனிங் ஒட்டிய பிரேக் தகடுகள், முன் சில்லு இரண்டுக்கும். பக்கத்தில் பிரேக் எண்ணெய் டின் ஒன்று.

சத்தம் தொடங்கிய அந்தக் கிழமையே கொழும்புக்குப் போன ஒரு கந்தோர் நண்பரிடம் சொல்லி, ரயில் கோச்சியில் எடுப்பித்திருக்கிறார். மான் வருவதற்கு முன்னமே, சாட்டு என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டுவதற்கு முன்னமே, அது அந்த அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. அவர் மறிப்பார் என்று வளவில் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தோம். மறிக்கப் போகிறீர்களா என்று அவரிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. இது எனக்கு உறைக்க என் பிள்ளைகள் வளர வேண்டியிருந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்காவின் முகம்தான். அவள் அந்தப் பிரேக் தகட்டை வெள்ளித் தட்டு மாதிரியே இரண்டு கையாலும் வாங்கினாள்.

அப்பாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கண் கலங்கினால் ஒருவருக்கும் காட்ட மாட்டார். எதையோ தேடுகிறவர் போலக் காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீற்றில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பெரியப்பா பழைய தகடுகளை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங்கை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பிரிங் தெறித்துப் பறந்து கோழிக்கூட்டுப் பக்கம் போய் விழ, நான் அதைத் தேட ஓடினேன். தகடுகள் இரண்டும் கழன்றன. பெரியப்பா முகத்தைக் கிட்டக் கொண்டு போய் உள்ளே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, கண்ணைத் துடைக்க லேஞ்சி எடுத்த அப்பா காலை நீட்டினார். கால் பிரேக்கில் விழுந்தது.

தகடுகள் இல்லாதபோது மிதித்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளேயிருந்த சின்ன உருளை துள்ளி வெளியே விழ, அதற்குப் பின்னால் எண்ணெய் பீய்ச்சி அடித்தது. பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடி, மீசை, வெறும் நெஞ்சு எல்லாம் வழிந்தது.

"டேய் விசரா! காலை எடடா!"

ஊர் கேட்டது. கோழிகள் கேட்டன. அப்பா வெளியே குதித்து, "அண்ணை! கண்ணுக்குள்ள போனதோ? கண்ணுக்குள்ள போனதோ?" என்று தன் லேஞ்சியால் பெரியப்பாவின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். பெரியப்பா, "விடடா, நானே துடைக்கிறன்," என்றார். ஆனால் முகத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். பெரியம்மா சிரிப்பில் நிற்க ஏலாமல் மண்ணிலேயே குந்திவிட்டார்.

அதோடு வேலை இரட்டித்தது. எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் போய்விட்டது. அதை வெளியேற்றாவிட்டால் பிரேக் பிடிக்காது. உருளையைக் கழுவித் திரும்பப் போட்டு, புதுத் தகடுகளை மாட்டி, ட்ரம்மின் உட்பக்கத்தை அரத்தாளால் தேய்த்து முடித்த பிறகு அந்த வேலை இருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லுக்குப் பின்னாலுள்ள சின்ன மூக்கைத் திறந்து காற்றை விட்டு, மிதித்தவர் காலை எடுப்பதற்குள் பூட்ட வேண்டும். பிந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

அப்போதிக்கரி மாமா மதிலுக்கு மேலால், "நான் வந்து மிதிக்கவோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் மாமா, இங்க ரெண்டு பேர் நிக்கினம்," என்றாள் அக்கா. பிறகு, "எனக்குத் தலையிடிக்குது," என்று சொல்லிவிட்டு விறாந்தையில் போய் இருந்தாள். அவளுக்குத் தலையிடி வந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எனக்கோ கால் எட்டாது.

அப்பா உள்ளே ஏறினார். பெரியப்பா மல்லாந்து படுத்தார். சைக்கிள் வால்வு டியூப் ஒன்றின் ஒரு முனை அந்த மூக்கில், மறு முனை எண்ணெய் ஊற்றிய இருமல் மருந்துப் போத்தலுக்குள். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

"அமத்து," என்றார் பெரியப்பா.

"அமத்தியிருக்கிறன்."

"பிடி." போத்தலுக்குள் குமிழிகள் கொப்புளித்தன. பெரியப்பா மூக்கைப் பூட்டினார். "விடு."

திரும்பவும். திரும்பவும். குமிழி குறைவதாகத் தெரியவில்லை.

"அமத்து. சலூன்ல ஏன்ரா போய்ச் சொன்னனி?"

"சந்தோசத்தில, அண்ணை."

"பிடி. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்தது. அதை எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. விடு."

அப்பா இன்னும் இரண்டு தரம் மிதித்தார்.

"சாமான் வந்தவுடனை ஏன் போடேல்லை, அண்ணை?"

"தனி ஆள் செய்யிற வேலையே இது? அமத்து."

"அமத்தியிருக்கிறன்."

"பிடி. வலுவாப் பிடி. கண்டியில குளிருமாம். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை இருக்கோ?"

"நான் வாங்கி வைச்சிருக்கிறன்."

"நீ எப்ப வாங்கினனி?"

"போன கிழமை."

"எனக்குச் சொல்லாமல்?"

"கதைக்காத ஆளிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

பெரியப்பா காருக்குக் கீழே கிடந்தபடியே சிரித்தார். எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "விடு, விடு," என்று சொல்ல அவருக்கு மூச்சு வரவில்லை. போத்தலில் குமிழி நின்று சுத்த எண்ணெய் வரத் தொடங்கியது. அதை நான்தான் முதலில் கண்டு கத்தினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மற்றச் சில்லும் முடிந்தது. சோதனை ஓட்டத்துக்கு இருவரும் புறப்பட்டார்கள். நாங்கள் படலை வாசலில் நின்று காது கொடுத்தோம். கார் இறக்கத்தில் இறங்கி வளைவில் மறைந்தது. ஒரு சத்தமும் இல்லை. அம்மா கண்ணை மூடியபடியே நின்றார். பழக்கம். போனவர்கள் உடனே வரவில்லை. பயந்துபோய் நானும் அக்காவும் அடிவாரம்வரை ஓடிப் பார்த்தோம். வெறும் தெரு. நிலாவெளிக் கடற்கரைவரை போய், ஒவ்வொரு மைல்கல்லிலும் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பாரைமீனோடு பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். காரை யார் நன்றாக ஓட்டினது என்று வரும்போதே வாக்குவாதம்.

பேராதனைக்கு ஐந்து பேர் போனோம். அப்பா, பெரியப்பா முன்னால், அக்கா, பெரியம்மா, நான் பின்னால், மடியிலெல்லாம் மூட்டை. அம்மாவுக்கு இடமில்லை. கோழியும் வீடும் பார்க்க நிற்கிறேன் என்றார். ஹபறணை தாண்டியதும் சாலையோரத்தில் தயிர்ச் சட்டி வாங்கினோம். மாத்தளைக்குப் பிறகு வளைவுகளில் பெரியம்மா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட, முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் கால் அமத்தினார்கள், பிரேக் ஒன்றுதான் இருந்தாலும். காரும் சொன்ன இடத்தில் நின்றது.

பெண்கள் விடுதி வாசலில் வெள்ளைச் சேலை கட்டிய மேற்பார்வை அம்மா எங்களை மறித்தார். பெட்டி தூக்க ஆண்களில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம், தகப்பன் மட்டும் வாருங்கள் என்றார். அப்பா பெட்டியின் பிடியிலிருந்து கையை எடுத்துப் பின்னுக்கு வந்தார்.

பெரியப்பா காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "நீ போ," என்றார், திரும்பிப் பாராமல். "கார் தனிய நிக்கக் கூடாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

"அண்ணை, தகப்பனை எல்லோ கேக்கிறா."

"ஓம், கேட்டது. போ."

அப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அக்காவுக்கும் பெரியம்மாவுக்கும் பின்னால் நடந்தார். அக்கா வாசலில் ஒரு தரம் நின்று தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா, போ போ என்று கையைக் காட்டினார். பிறகு பூச்சி போன இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே எனக்கு ஒரு இனிப்பு எடுத்துத் தந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேல்மாடி யன்னல் ஒன்று படாரென்று திறந்தது. அப்பாவின் தலை வெளியே வந்தது.

"அண்ணை! அண்ணை! இங்க நிண்டால் ஆறு தெரியுது!"

முற்றத்தில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேற்பார்வை அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். பெரியப்பா வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்துவிடுவார் என்று நினைத்தேன். தெருவில் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர் அவர். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, நாலு விடுதிக்குக் கேட்கும்படி கத்தினார்:

"நல்ல காத்து வருதோ எண்டும் பாரடா!"